மாரடைப்பும் படத்தில் தெரியும் அடைப்பும்

மாரடைப்பு என்ற சொல்லைச் சற்றே நின்று கவனித்தால், அது நோயாளியின் வாயிலிருந்து பிறந்த சொல் என்பது விளங்கும். 'மாரை அடைக்கிறது' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்பவரின் உணர்வே அங்கே பெயராகி நிற்கிறது. இரத்தக் குழாயைப் பற்றியோ அதனுள் படியும் கொழுப்பைப் பற்றியோ அச்சொல் எதையும் கூறுவதில்லை. இன்று அதே 'அடைப்பு' வேறொரு பொருளில் வழங்குகிறது. 'அவருக்கு மூன்று அடைப்பாம்', 'தொண்ணூறு விழுக்காடு அடைப்பாம், நல்லவேளை பார்த்துவிட்டார்கள்' என்று திருமணப் பந்தியிலும் பேருந்து நிறுத்தத்திலும் பேசிக்கொள்கிறோம். இந்த அடைப்பை நோயாளி உணர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. படத்தில் கண்டவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அவர் நமக்குச் சொல்கிறார்.

ஓர் உணர்வின் பெயர் ஒரு படத்தின் பெயராக மாறியதற்கு அரை நூற்றாண்டை ஒட்டிய வரலாறு உண்டு. அது ஆஞ்சியோபிளாஸ்டி என்னும் சிகிச்சையின் வரலாறு. அதனை இங்கே சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து நாம் கொண்ட ஒரு கருத்தையும் முன்வைக்க விரும்புகிறோம். இச்சிகிச்சை உயிரைக் காப்பது பெரும்பாலும் மாரடைப்பு நேர்ந்த முதல் சில மணி நேரத்தில். அங்கே நம் சமூகம் தாமதிக்கிறது. ஆண்டுக்கணக்காக மாறாமல் இருக்கும் நெஞ்சுவலியில் அது உயிரைக் காப்பதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. அங்கே நம் சமூகம் அவசரப்படுகிறது. இந்தத் தலைகீழ் நிலையே நம் கவலை. நாம் மருத்துவர் அல்லோம். எனினும் இது மருத்துவர்கள் மட்டும் பேசி முடித்துவிடக் கூடிய செய்தியும் அன்று என்று கருதுகிறோம்.

சமையலறை மேசையில் பிறந்த பலூன்

ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் 1929ஆம் ஆண்டு வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தம் கையிலுள்ள சிரையின் வழியே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தினார். பிறகு எக்ஸ்ரே அறைக்குத் தாமே நடந்து சென்று படமும் எடுத்துக்கொண்டார். உயிருள்ள மனிதனின் இதயத்தைக் குழாயால் தொடலாம், தொட்டாலும் சாவதில்லை என்று உலகம் அறிந்தது அப்போதுதான். அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த அடி தற்செயலாக நேர்ந்தது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவமனையில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, குழாயின் நுனி வழுவி இதயத் தமனிக்குள்ளேயே நுழைந்துவிட, சாயம் நேரே அங்கு பாய்ந்தது. இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் அச்சிறு குழாய்களுக்குள் சாயத்தைப் பாய்ச்சினால் இதயம் நின்றுவிடும் என்று அதுவரை அஞ்சியிருந்தனர். நோயாளி பிழைத்தார். இன்று தெருமுனை அறிவிப்புப் பலகைகளில்கூடக் காணும் 'ஆஞ்சியோகிராம்' அந்த வழுவலில் பிறந்தது. படம் என்பது நம் கதைக்குள் நுழைவதும் இவ்விடத்தில்தான்.

1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சார்லஸ் டாட்டர், கால் அழுகத் தொடங்கியும் அதனை வெட்ட இசையாத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியைக் குழாய்களாலேயே அகலப்படுத்தினார். கால் பிழைத்தது. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஐரோப்பாவில் சிலர் பொருட்படுத்தினர். அவர்களுள் ஒருவர் டிரெஸ்டனில் பிறந்து சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்.

குருன்ட்சிக் தம் வீட்டுச் சமையலறை மேசையில், மனைவியும் உதவியாளரும் உடன் உழைக்க, நெகிழிக் குழாயும் நூலும் பசையும் கொண்டு ஒரு சிறு பலூனை உருவாக்கினார். ரப்பர் பலூன் எதிர்ப்பு குறைந்த பக்கமாகப் பிதுங்கிவிடும், அடைப்பை அழுத்தாது. குறித்த அளவுக்கு மட்டுமே விரிந்து, அதற்கு மேல் விரியாமல் கடினப்படும் பலூன் வேண்டும். அதுவே அவர் கண்ட விடை. நாய்களில் செய்த சோதனைகளை 1976இல் மயாமி நகரில் நடந்த இதய மருத்துவ மாநாட்டில் வைத்தபோது ஐயுற்றவர்களே மிகுதி. மறு ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், 38 வயதான காப்பீட்டு முகவர் ஒருவரின் இதயத் தமனியில் அப்பலூன் முதன்முதலாக விரிந்தது. அறுவை மருத்துவர் குழு ஒன்று ஆயத்தமாக நின்றது. அதற்கு வேலை ஏற்படவில்லை. அந்த மனிதரின் தமனியைப் பத்து ஆண்டு கழித்தும், பின்னர் 2000இலும் மீண்டும் படமெடுத்துப் பார்த்தனர், திறந்தே இருந்தது.

முதல் ஐம்பது பேர்

வெற்றிக் கதையை இத்துடன் நிறுத்திவிடுவது எளிது. ஆனால் நாம் வாசித்தவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்தது, 1979இல் குருன்ட்சிக்கும் அவர் தோழர்களும் வெளியிட்ட முதல் ஐம்பது நோயாளிகளின் கணக்குதான். ஐம்பது பேரில் 32 பேருக்கே வெற்றி. ஐவருக்கு உடனடியாக பைபாஸ் அறுவை செய்ய நேர்ந்தது. மூவருக்கு மாரடைப்பின் அடையாளங்கள் இசிஜியில் தெரிந்தன. இத்தனையையும் ஒளிக்காமல் எழுதியவர் மேலும் மூன்று செய்திகளைச் சொல்கிறார். ஒரே குழாயில் நோயுள்ளவர்களே இச்சிகிச்சைக்கு ஏற்றவர்கள். பைபாஸுக்கு வருபவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு மட்டுமே இது பொருந்தும். அறுவையோடும் மருந்தோடும் ஒப்பிட்டு, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஆராய்ந்தால்தான் இதன் பயன் விளங்கும்.

இன்னொரு குறிப்பும் அதில் உண்டு. வலி தொடங்கி அதிகக் காலம் ஆகாத நோயாளியின் அடைப்பு இளகியதாக இருக்கும், பலூனுக்கு இணங்கும் என்கிறார். குழாயைத் திறந்தவர், குழாயின் நிலையை அறிய நோயாளியிடம் 'எத்தனை நாளாக வலி?' என்று கேட்டிருக்கிறார். வலியின் கதையும் படமும் அப்போது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

தம் சிகிச்சையின் எல்லையைத் தாமே வரைந்துகாட்டிய அம்மனிதர் 1980இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்தார். 1985 அக்டோபரில் விமான விபத்தில் 46ஆம் வயதில் மறைந்தார். அவரிடம் பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1980களின் நடுப்பகுதியில் அக்கலையைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்று போற்றப்பட்ட அவர் 2025இல் காலமானார். ஆக, சூரிக் மேசைக்கும் சென்னைக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறைதான்.

பலூனிலிருந்து வலைக்கு

பலூன் செய்வது உண்மையில் ஒரு காயம். கொழுப்புப் படிவு அழுந்துவதோடு குழாயின் உட்சுவரும் கிழிகிறது. கிழிந்த சுவர் சில வேளை அங்கேயே மடிந்து குழாயை மூடிவிடும். அதற்காகவே தொடக்க ஆண்டுகளில் பக்கத்து அறையில் அறுவைக்கூடம் ஆயத்தமாகக் காத்திருந்தது. அப்படி மூடாவிட்டாலும், காயத்தை ஆற்ற உடல் வளர்க்கும் தசை குழாயை மறுபடியும் குறுக்கிவிடும். பலூன் மட்டும் வைத்த காலத்தில் மூவரில் ஒருவருக்கேனும் ஆறு மாதத்துக்குள் அடைப்பு திரும்பியது.

சுவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு முட்டு வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததே உலோக வலை. 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புயெலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிக் சிக்வர்ட்டும் அதனை மனித இதயத் தமனியில் முதன்முதலாகப் பொருத்தினர். ஸ்டென்ட் என்ற அதன் பெயர் 19ஆம் நூற்றாண்டில் பல் அச்சு எடுக்கும் பசை ஒன்றைச் செய்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவரின் பெயர். தம் பெயர் ஒரு நாள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் திண்ணைப் பேச்சில் இடம்பெறும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

வலை வந்ததும் பக்கத்து அறை அறுவைக்கூடத்தின் தேவை வெகுவாகக் குறைந்தது. ஆனால் வலைக்குள்ளும் தசை வளர்ந்தது. அதனைத் தடுக்க மருந்து பூசிய வலை வந்தது. 2003இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. மூன்றே ஆண்டில், 2006இல் பார்சிலோனாவில் நடந்த மாநாட்டில், அம்மருந்து காயம் ஆறுவதையே தாமதப்படுத்துவதால் ஓராண்டு கடந்த பின்னும் வலைக்குள் இரத்தம் திடீரென உறையக்கூடும் என்ற எச்சரிக்கை எழுந்தது. பின்னர் வந்த வலைகள் மெலிந்தன, ஆபத்து குறைந்தது. தானே கரைந்து மறையும் வலை என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஒன்று, எதிர்பார்த்த பயன் தராமல் 2017இல் விற்பனையிலிருந்து நீங்கியது.

இவ்வளர்ச்சியின் போக்கில் ஒன்று தெளிவாகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படி ஏற்படுத்திய சிக்கலுக்குத் தீர்வாக வந்தது. வரும்போது தனக்கென்று ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. இதனை எண்ணி இகழ வேண்டியதில்லை. அறிவு வளரும் வழி அதுவே.

மாறிய நோயாளி

கருவி மாறிய வேகத்தில் நோயாளியும் மாறினார். தொடக்க காலத்தில் அவர் நடுவயதினர். ஒரே குழாயில், எட்டும் இடத்தில், சிறிய இளகிய அடைப்பு உள்ளவர். தேவையானால் உடனே அறுவையைத் தாங்கும் உடல்வலிமை உடையவர். இன்று அதே மேசையில் எண்பது வயதினர் படுத்திருக்கிறார். சர்க்கரை நோயும் சிறுநீரகக் குறைபாடும் உடன் வந்திருக்கின்றன. மூன்று குழாயிலும் நோய். சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்ட சுவர். சிலருக்கு முன்பே பைபாஸ் நடந்திருக்கிறது. கல்லைச் சுரண்டும் வைரத்துகள் பதித்த துளைகருவி முதல், குழாய்க்குள்ளிருந்தே சுவரைக் காட்டும் ஒலியலைக் கருவி வரை எல்லாம் அவருக்காகவே வந்தன.

சிகிச்சையின் உடல் அனுபவமும் மாறியது. தொடை இடுக்கில் குழாய் செலுத்தி, எடுத்தபின் அவ்விடத்தில் மணல் மூட்டை வைத்து, காலை மடக்காமல் இரவெல்லாம் மல்லாந்து கிடந்தவர்கள் நம் பெற்றோர் தலைமுறையில் பலர். 1989இல் கனடாவின் மான்ட்ரியாலில் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியே ஆஞ்சியோகிராம் எடுத்துக் காட்டினார். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினண்ட் கீமெனெய் அதே வழியில் ஆஞ்சியோபிளாஸ்டியும் செய்தார். இன்று கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு, செய்த அன்றே எழுந்து நடந்து, மறுநாள் வீடு திரும்புகிறார்கள். அறுவையின் அச்சம் நீங்கியது நன்மை. அச்சத்தோடு யோசிக்கும் கால அவகாசமும் நீங்கிவிட்டதோ என்பதே நம் ஐயம்.

நம் நாட்டு நோயாளிக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அவர் இளையவர். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், முதல் மாரடைப்பு தெற்காசியருக்கு ஏறத்தாழ 53 வயதிலும் பிறருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் நேர்வது தெரிந்தது. பிள்ளைகள் படித்துக்கொண்டும், வீட்டுக் கடன் பாதி நின்றுகொண்டும் இருக்கும் வயது அது.

படம் சொல்லாதது

இனி நம் கருத்தின் மையத்துக்கு வருவோம். குழாய் குறுகியிருக்கிறது, குறுகிய இடத்தை அகலப்படுத்தினால் மாரடைப்பு வராது. கேட்பவர் எவரும் தலையசைக்கும் வாதம் இது. வீட்டுச் சாக்கடைக் குழாயை நினைத்துக்கொண்டால் அதில் பிழையே தெரியாது. ஆனால் தமனி சாக்கடைக் குழாய் அன்று. 1980களின் பிற்பகுதியிலேயே, முன்பு படம் எடுத்து வைத்திருந்தவர்களுக்குப் பின்னர் மாரடைப்பு வந்தபோது இரண்டு படங்களையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பை விளைத்த இடம் பெரும்பாலும் முன்பு பாதிக்கும் குறைவாகவே குறுகியிருந்த இடம். மெல்லிய மேலுறை கொண்ட கொழுப்புப் படிவு ஒன்று திடீரென வெடிக்கிறது. அதன்மேல் இரத்தம் உறைகிறது. குழாய் நொடிகளில் மூடுகிறது. வெடிக்கப்போவது எது என்பதைக் குறுக்கத்தின் விழுக்காடு நமக்குச் சொல்வதில்லை.

ஆகவே, மாரடைப்பு வராத, உழைக்கும்போது மட்டும் நெஞ்சு வலிக்கிற நிலையான நோயாளிக்கு ஸ்டென்ட் வைப்பதால் ஆயுள் நீள்கிறதா என்ற கேள்வி எழுந்தது. 2007இல் வெளிவந்த 'கரேஜ்' ஆய்வு 2,287 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு நல்ல மருந்துகள் மட்டும். மறுபிரிவுக்கு அவற்றோடு ஆஞ்சியோபிளாஸ்டியும். நான்கரை ஆண்டுக்குப் பின் மரணமோ மாரடைப்போ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 19 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 18.5 விழுக்காடு. ஸ்டென்ட்கள் பழையவை என்று சிலர் மறுத்தனர். 37 நாடுகளில் 5,179 பேரைக் கொண்டு நடந்த 'இஸ்கீமியா' ஆய்வு புதிய வலைகளோடு 2020இல் வெளிவந்தது. அதிலும் மரணத்தில் வேறுபாடு இல்லை.

வலியாவது குறைகிறதா? 2017இல் பிரிட்டனில் நடந்த 'ஆர்பிட்டா' ஆய்வு துணிவானது. 200 பேருக்கு மயக்கமளித்து, காதில் இசை ஒலிக்கவிட்டு, பாதிப்பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப்பேருக்கு வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். நல்ல மருந்துகளோடு இருந்த இரு பிரிவினரும் ஆறு வாரம் கழித்து ஏறத்தாழ ஒரே அளவு நேரமே ஓடுபொறியில் நடந்தனர். அதே குழுவினர் 2023இல், வலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மீண்டும் ஆராய்ந்தபோது, ஸ்டென்ட் வலியை உண்மையிலேயே குறைப்பது தெரிந்தது. ஆகவே இதனைப் பயனற்றது என்பாரும் தவறுகிறார்கள். மருந்துக்கு அடங்காத வலியோடு மாடிப்படி ஏற இயலாதவருக்கு வலி தீர்வது சிறிய வரம் அன்று. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் 'இது உங்கள் வலியைக் குறைக்கலாம்' என்பது. 'இது உங்கள் உயிரைக் காக்கிறது' என்பது அன்று. இடப்பக்க முதன்மைத் தமனியில் கடுமையான அடைப்புள்ளவர்கள் இக்கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களுக்கான முடிவு வேறு. பல குழாய்களில் நோயுள்ள சர்க்கரை நோயாளிகளுக்குப் பைபாஸே மேல் என்று 2012இல் வெளிவந்த 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியதும் நினைவில் கொள்ளத்தக்கது.

கதவருகே ஒரு கையெழுத்து

இந்த அறிவு மருத்துவ இதழ்களில் இருக்கிறது. நம் குடும்பங்கள் அறிந்த காட்சி வேறு. ஆஞ்சியோகிராம் நடந்துகொண்டிருக்கும்போதே கதவு திறக்கிறது. மகனையோ மனைவியையோ உள்ளே அழைத்துத் திரையைக் காட்டுகிறார்கள். 'இங்கே பாருங்கள் அம்மா, தொண்ணூறு விழுக்காடு. இப்போதே வைத்துவிடலாமா?' நோயாளி மேசைமேல் அரைமயக்கத்தில் இருக்கிறார். கேட்கப்படுபவருக்கு முன்னால் இருப்பது ஒரு படமும் ஒரு தாளும் மட்டுமே. அந்த நிலையில் 'வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லும் நெஞ்சுரம் எந்த மனைவிக்கு வரும்?

மருத்துவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே அமர்வில் முடித்தால் இரண்டாம் முறை குழாய் செலுத்த வேண்டியதில்லை. செலவும் அலைச்சலும் மிச்சம். மாரடைப்போடு வந்தவருக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். அங்கே விவாதிப்பதே குற்றம். நாம் சொல்வது நிலையான நோயாளியைப் பற்றி. அவர் விஷயத்தில் அந்த அவசரம் உடலின் அவசரம் அன்று, ஏற்பாட்டின் அவசரம்.

அந்த ஏற்பாட்டில் பணம் எவ்வளவு கலந்திருந்தது என்பதை 2017இல் நாடே கண்டது. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. மருந்து விலை நிர்ணய ஆணையம் திரட்டிய கணக்கில், மருத்துவமனை நிலையில் மட்டும் 650 விழுக்காட்டுக்கு மேல் ஆதாயம் ஏறிய இனங்களும் இருந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் ஆணையம் மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. ஏழைக்கு அது பெரும் உதவி. ஆயினும் பொருளின் விலைக்கு வரம்பு கட்டலாம். அப்பொருள் வேண்டுமா என்ற முடிவுக்கு ஆணை எதுவும் வரம்பு கட்டாது.

ஆறு மணி நேரம்

மறுபக்கத்தைப் பார்ப்போம். குழாய் முற்றிலும் மூடிய மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் தசை சாகிறது. உடனே பலூன் வைப்பது, உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைவிட மேலானது என்று 23 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் நிறுவினார்கள். குறுகிய கால மரணம் ஊசியில் 9 விழுக்காடு, பலூனில் 7. இங்குதான் இக்கருவி உயிர் காக்கும் கருவி. நாம் இங்கு என்ன செய்தோம்?

இந்திய மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்து 2008இல் வெளிவந்த 'கிரியேட்' ஆய்வு ஒரு எண்ணைத் தந்தது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம். அதாவது பாதிப்பேருக்கு அதற்கும் மேல். வாயு என்று சோடா குடித்ததும், விடியட்டும் என்று காத்திருந்ததும், வண்டி தேடியதும், இசிஜி இல்லாத இடத்திலிருந்து இருக்கும் இடத்துக்கு அலைந்ததும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. அதே ஆய்வில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் செல்வரில் 5.5 விழுக்காடு, ஏழைகளில் 8.2 விழுக்காடு. இருவருக்கும் கிடைத்த சிகிச்சையின் வேற்றுமையைக் கணக்கில் கொண்டதும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஏழையின் இதயத்தில் குறை இல்லை. அவருக்குச் சேர வேண்டியது சேரவில்லை.

மாற்ற முடியாத விதி அன்று இது என்பதற்கும் சான்று நம்மிடமே உண்டு. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை, சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மையங்களோடும் அவசர ஊர்திகளோடும் இணைத்து ஓர் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். தூரத்தில் இருப்பவருக்கு முதலில் கரைக்கும் ஊசி, பிறகு மையத்துக்குப் பயணம். பக்கத்தில் இருப்பவருக்கு நேரே பலூன். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில் ஓராண்டு மரணம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. புதிய வலை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த கருவியை இருந்த நோயாளியிடம் நேரத்தோடு சேர்த்தார்கள், அவ்வளவே. 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இவ்வழிப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட மூன்று வகை மாத்திரைகளை முதல் தவணையாக அங்கேயே விழுங்கச் செய்து மேலே அனுப்புகிறார்கள். சில ரூபாய் மாத்திரைகள். திறப்பு விழாவுக்கு ஏற்ற பளபளப்பு அவற்றில் இல்லை. ஆயினும் நகரத்துக்கு இன்னுமொரு ஆஞ்சியோகிராம் கூடத்தைவிடக் கிராமத்துக்கு இத்தகைய மாத்திரையும் இசிஜியும் அதனைப் படிக்கத் தெரிந்தவருமே முதல் தேவை என்பது நம் துணிபு.

நாம் வேண்டுவன

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மாரடைப்பு அல்லாத நிலையான நோயாளிக்குப் படம் எடுக்கும் நாளும் ஸ்டென்ட் வைக்கும் நாளும் வேறாக இருக்கட்டும். இடையில், நோயாளி முழு நினைவோடு அமர்ந்திருக்க, அவருக்குப் புரியும் தமிழில் மருத்துவர் பேசட்டும். 'இது உயிர் காக்கவா, வலி குறைக்கவா? மருந்தை மட்டும் உட்கொண்டால் என்ன ஆகும்? பைபாஸ் இதனினும் மேலா?' என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைத்த பிறகு கையெழுத்து வாங்கட்டும். விடை சொல்லத் தயங்காத மருத்துவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. கேட்கத் தயங்கும் நோயாளிகளே அவர்களினும் மிகுதி.

இரண்டாவது, வலைக்குப் பின்வரும் மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொன்ன காலம்வரை நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தினால் வலையே எமனாகலாம். காப்பீட்டு அட்டை அந்த ஒரு நாளின் செலவை ஏற்கிறது. பின்வரும் மாதங்களில் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறி வர வேண்டியவரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 'அதுதான் அடைப்பை எடுத்துவிட்டார்களே' என்று மருந்தை நிறுத்திப் பீடியைத் தொடர்பவரிடம், வலை ஓரிடத்தை மட்டுமே திறந்தது, நோய் குழாய் முழுதும் இருக்கிறது என்று யாரேனும் சொன்னார்களா?

மூன்றாவது, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் தொடங்க வேண்டியது. நெஞ்சின் நடுவே அழுத்தமாக வலித்து, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது வழக்கமாக நடக்கும்போது வரும் வலி ஓய்விலும் வந்தால், அது வாயுவா என்று ஆராயும் வேலை நம்முடையது அன்று. 108ஐ அழைப்பதே நம் வேலை. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி இத்தனை தெளிவாக வராமல், மூச்சுத் திணறலாகவோ காரணமறியாத சோர்வாகவோ வரக்கூடும் என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

'மாரை அடைக்கிறது' என்று ஒருவர் சொல்லும்போது உடனே ஓட வேண்டும். 'படத்தில் அடைப்பு தெரிகிறது' என்று ஒருவர் சொல்லும்போது உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே சொல் அமைந்துவிட்டது. அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், இது எந்த அடைப்பு என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு வேண்டும்.